சொல்லாத பேரு

மருந்து வாங்க அவிய வரிசையில நிக்காவ. இங்கனருந்து பாத்தா முதுகு மட்டுந்தான் தெரியுது. சட்டை காலர்ல ஒரு பக்கம் இஸ்திரி மடங்கிப் போயிருக்கு, அது நான் தேச்ச லட்சணம். "இங்கனயே இரி பிரமு, எந்திரிச்சுப் போயிராத, இந்தா வந்துட்டேன்"னு சொல்லிட்டுப் போனாவ. எந்திரிச்சு எங்க போவேன்? பால்வாடியில புள்ளைய உக்கார வச்ச மாதிரி பக்கத்துல தண்ணி பாட்டில், மடியில பை. போற வார நர்சுக்கிட்ட எல்லாம் "கொஞ்சம் பாத்துக்கிடுங்க"ன்னு வேற சொல்லியாச்சு. பாத்துக்கிடட்டும். ஆசுபத்திரி வாசம் கொமட்டுது, எவளோ மல்லியப்பூ வச்சுக்கிட்டு வந்திருக்கா, டெட்டால் வாசமும் பூ வாசமும் சேந்து எழவு வீட்டு நெடி. அந்த முதுகை நூறு முதுகுக்கு நடுவுல நிப்பாட்டுனாலும் நான் எடுத்துக் குடுத்துருவேன். எடது தோளு கொஞ்சம் எறக்கம், கடையில பெயிண்டு டப்பா தூக்கித் தூக்கி எறங்குனது. மோருக்குத் தொட்டுக்கிட நார்த்தங்காய்தான் வேணும், மாங்காய் ஆவாது. தும்மல் வந்தா தெருவே திரும்பிப் பாக்கும். தூக்கத்துல பல்லக் கடிப்பாவ. எல்லாந் தெரியுது. பேருதான் வரல. சொல்லிட்டேன். மனசுக்குள்ளதான் சொன்னேன், ஆனா சொல்லிட்டேன். எம் புருஷன் பேரு எனக்கு மறந்துபோச்சு.

இது எப்ப போச்சுன்னே தெரியல, அதுதான் பயமா இருக்கு. பாலு பொங்குனா தெரியும், கதவு தொறந்து கெடந்தா தெரியும், பேரு போனது எப்படித் தெரியும்? நான்தான் அதை வாயில எடுத்ததே கெடையாதே. இப்ப ரூமுக்குள்ள அந்த டாக்டர் கேட்டதாலதான் தெரிஞ்சுச்சு. சின்னப்புள்ள அவ, எங்க மக உமையாவைவிட வயசு கம்மியாத்தான் இருக்கும். மொதல்ல மாம்பழம், சாவி, குடைன்னு மூணு சொல்லிட்டு, "ஞாபகம் வச்சுக்கோங்கம்மா, அப்புறமா கேப்பேன்"ன்னா. வச்சுக்கிட்டேன். பொறவு ஒரு கடியாரம் வரையச் சொன்னா. வட்டம் நல்லாத்தான் வந்துச்சு. நம்பரெல்லாம் ஒரு பக்கமாப் போய்க் குமிஞ்சுபோச்சு, கலியாண வீட்டுல மொதப் பந்திக்கு முண்டுத ஆளுக மாதிரி. அவ தாளை வாங்கி வச்சுக்கிட்டு அந்த மூணையும் கேட்டா. மாம்பழம் வந்துச்சு, குடை வந்துச்சு, நடுவுல இருந்ததைக் காணோம். அதுக்குப் பொறவுதான் கேட்டா, எல்.கே.ஜி. புள்ளைகிட்டக் கேக்க மாதிரி தலையச் சாச்சுக்கிட்டு, "வீட்டுக்காரர் பேரு என்னம்மா? சொல்லுங்க பாக்கலாம்." எனக்கு முந்தி என் கழுத்து குனிஞ்சிருச்சு. வாய் தானா சிரிச்சிருச்சு. கலியாணமான நாள்ல இருந்து எவன் கேட்டாலும் அப்படித்தான், ரேஷன் கடையில கேட்டாலும் சரி, கோயில்ல அர்ச்சனைத் தட்டைக் கையில வாங்கிக்கிட்டு ஐயர் கேட்டாலும் சரி, குனிஞ்சு ஒரு சிரிப்பு, பக்கத்துல நிக்க யாராவது சொல்லிருவாக. புருஷன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும்னு எங்க அம்மை சொல்லி வளத்தது. நான் படிச்சவ, சர்க்கார் உத்தியோகம் பாத்தவ, இதையெல்லாம் நம்புதியாட்டின்னு கேட்டா நம்பல. ஆனா சொல்லவும் இல்ல. எதுக்கு வம்பு?

அப்படிக் குனிஞ்ச தலையோட, சும்மா, உள்ளுக்குள்ள அந்தப் பேரைத் தொட்டுப் பாக்கப் போனேன். வெளிய சொல்லாட்டியும் உள்ள எப்பவும் இருக்கும்லா, தாலிய ரவிக்கைக்குள்ள தொட்டுப் பாத்துக்கிட மாதிரி. கைய விட்டா ஒண்ணுமே இல்ல. சிரிச்ச வாயி சிரிச்சபடியே நிக்கு. அதுக்குள்ள அவிய முந்திக்கிட்டாவ. "எங்க பக்கத்துல பொம்பளைக புருஷன் பேரு சொல்ல மாட்டாக டாக்டர், அதைக் கேட்டா நாளைக்கு வரைக்கும் இப்படியேதான் உக்காந்திருப்பா." டாக்டர் சிரிச்சா. நர்சு சிரிச்சா. "ஸோ ஸ்வீட்"ன்னா ஒருத்தி. அந்தக் கேள்விக்கு எனக்கு மார்க்குப் போட்டுட்டா, நான் பாத்தேன். காப்பி அடிச்சுப் பாசான புள்ளைக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சு எனக்கு. இப்ப உக்காந்து யோசிச்சாத்தான் தோணுது, அவிய ஏன் அம்புட்டு வேகமா முந்துனாவ? ஒரு மனுஷி சிரிச்சு முடிக்க வேண்டாமா? வழக்கமா அவியளும் ஒரு சிரிப்புச் சிரிச்சு, மீசையத் தடவிக்கிட்டு, பையத்தான் சொல்லுவாவ, அதுல ஒரு பெருமை அவியளுக்கு. இன்னைக்கு நான் தலையக் குனிஞ்சு முடிக்கதுக்குள்ள பாஞ்சாவ. தெரியுமோ? அவியளுக்கும் சந்தேகந்தானோ? நான் ஒளிஞ்ச எடத்துலயே அவியளும் வந்து ஒளிஞ்சாவளோ?

பொறவு அந்தப் புள்ள ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல மாட்டி அவியளுக்கு வெளக்குச்சு, நான் அங்கன இல்லாத மாதிரி. மண்டைக்குள்ள ரெண்டு பக்கமும் விரல்தண்டிக்கு ஒரு பாகம் இருக்காம், புதுசா நடக்கதெல்லாம் அது வழியாத்தான் பதியுமாம், எனக்கு அது வத்திப்போயிருக்காம். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல ஒரு மாதிரிக் கசடு படியுதாம், செல்லுக்கு உள்ள இருக்க நூலெல்லாம் சிக்கு விழுந்துபோவுதாம், ஒரு செல்லு சொல்லுதது இன்னொரு செல்லுக்குப் போய்ச் சேராதாம். பழசு ரொம்ப நாளைக்கு நிக்குமாம், புதுசு தங்காதாம், போகப் போக அதுவும் இதுவும் எல்லாமும். "மாத்திரை கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும் சார். நோயை நிறுத்தாது." அவிய தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாவ. எனக்குக் கோவமா வந்துச்சு. பழசு நிக்குமாம்லா, அப்ப இது என்ன புதுசா? போன மாசமா வச்ச பேரு இது? எத்தனை வருசத்துப் பேரு! கேட்டிருப்பேன். கேட்டா மாட்டிக்கிடுவேன். ஒருவேளை வாயில போட்டு மென்ன பேருதான் பதியுமோ, சொல்லாமலே வச்சிருந்தது பதியவே இல்லையோ? அதையாவது கேட்டிருக்கலாம்.

அவ சொன்னது எனக்குப் புரியாம இல்ல. லைன் போச்சு, அம்புட்டுதான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. போர்டு முன்னால ஹெட்போனை மாட்டி உக்காந்தா, கார்டு வயரை எடுத்து எந்த ஓட்டையில குத்தணும்னு கை பாத்துக்கிடும், கண்ணு வேண்டாம். இந்த ஊருல எந்த வக்கீல் வீட்டு நம்பரு என்ன, எந்த டாக்டர் எந்த நேரத்துல எந்த வீட்டுல இருப்பாருங்க வரைக்கும் தெரியும், சொல்ல மாட்டோம். நாள் பூரா அடுத்தவன் பேரைச் சொல்லுததுதான் பொழப்பு. பக்கத்து சீட்டு ஸ்டெல்லாதான் கேலி பண்ணுவா. "ஏட்டி, நான் எங்க வீட்டு ஆளை தேவசகாயம் தேவசகாயம்னு கத்துதேன், ஆயுசு என்ன குறைஞ்சா போச்சு? குண்டாயிக்கிட்டேல்லா போறாரு." பாருங்க, அடுத்தவ புருஷன் பேரு தேவசகாயம்னு கண்ணாடி மாதிரி வருது. சவம், அதை வச்சு நான் என்ன செய்ய? ஒருநாள் மெட்ராசுல இருந்து பெயிண்டு கம்பெனிக்காரன் பி.பி. கால் போட்டான். பி.பி.ன்னா இன்ன ஆளுகூடத்தான் பேசணும்னு பேரு குடுத்துக் கேக்கது. ஆபரேட்டர் அந்தப் பேரைச் சொல்லி, ஆளு இருக்காரான்னு கேக்கணும், சட்டம். கேட்ட கடை எங்க கடை. கேட்ட பேரு அவிய பேரு. லைன்ல மெட்ராஸ் எக்ஸ்சேஞ்சுக்காரி "ஹலோ திருநெல்வேலி, ஹலோ திருநெல்வேலி"ங்கா. அந்தப் பக்கம் அவிய "ஹலோ, ஹலோ யாரு"ங்காவ. நான் நடுவுல வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கேன். கடைசியில ஹெட்போனைக் கழட்டி ஸ்டெல்லா மண்டையில மாட்டிட்டேன். அவ சிரிப்பை அடக்கிக்கிட்டுக் கேட்டா, மிஸ்டர் இன்னார் இருக்காரான்னு. மிஸ்டர். அதுக்குப் பொறவு என்ன சொன்னா? அவ உதடு அசையுதது தெரியுது, ரோஸ் கலர் சேலை தெரியுது, மூக்குல வேர்வை தெரியுது. அந்தப் பேரு வார எடத்துல மட்டும் சத்தம் இல்ல. ஸ்டெல்லா, இன்னொரு மட்டம் சொல்லேன்ட்டி. மிஸ்டர். மிஸ்டர். சிரிக்கா. செத்துப்போயிட்டாளே அவ. போயிட்டாளா? போன வருசமா? நான் போனேனா அவ காரியத்துக்கு? மெழுகுவத்தி ஞாபகம் இருக்கு, அது அவ காரியமா, அவ அம்மை காரியமா தெரியல. பாத்தியளா, ஒண்ணைத் தேடப் போனா கையில இருக்கதும் நழுவுது.

வரிசை நகந்திருக்கு. அவியளுக்கு முன்னால இன்னும் நாலஞ்சு பேரு இருக்காக. திரும்பி என்னை ஒரு பார்வை பாத்துட்டு, கைய லேசாத் தூக்கிக் காட்டுதாவ, இருக்கேன் இருக்கேன்னு. நானும் தூக்குதேன். இந்த ஆளு இப்படி இருந்த ஆளா? குழம்புல உப்பு ஒரு கல்லு குறைஞ்சா "இது என்னட்டி, குழம்பா கழனித் தண்ணியா"ன்னு தட்டைத் தள்ளுத ஆளு. "கூறுகெட்ட மூதி, உனக்கு எவன் உத்தியோகம் குடுத்தான்"னு ஏசாத நாள் கெடையாது. நானும் சளைச்சவ இல்ல, "குடுத்தவன் உம்மள மாதிரி டப்பா தூக்குதவன் இல்ல"ம்பேன். அப்படிச் சண்டை போட்டுத்தான் ஒரு புள்ளையப் பெத்து, ஒரு வீட்டைக் கட்டி, இம்புட்டுத் தூரம் வந்தது. இப்ப ஏச மாட்டேங்காவ. பால் காய்ஞ்சு பாத்திரம் கருகி வீடெல்லாம் பொகை. ஓடி வந்தாவ, கேஸை அணைச்சாவ, "ஒண்ணுமில்ல பிரமு, ஒண்ணுமில்ல." பீரோ சாவிய அரிசி டிரம்முக்குள்ள இருந்து எடுத்தாவ, "ஒண்ணுமில்ல." அன்னைக்குக் காய் வாங்கப் போயிட்டு எங்க தெருவுலயே எந்த வீடுன்னு தெரியாம ஒவ்வொரு வீட்டு வாசலா நின்னு பாத்துக்கிட்டு நின்னேனே, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்து, எல்லாரும் பாக்க என் கையப் பிடிச்சு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நம்ம வீடு இந்தா இருக்கு." அந்த ஒண்ணுமில்லயைக் கேட்டாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது. ஏசுனா நான் இருக்கேன்னு அர்த்தம். மனுஷிய மனுஷியா வச்சுத்தான ஏசுவாக. ஒண்ணுமில்லன்னு சொன்னா நான் ஒண்ணுமில்லாமப் போயிக்கிட்டு இருக்கேன்னுதான அர்த்தம். ஒரே ஒரு தடவை ஏசுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

இல்ல, விடக் கூடாது. தேடணும். அவிய வாரதுக்குள்ள எடுத்துரணும். போன்ல பாக்கலாம்னு எடுத்தேன். உமையா போட்டுக் குடுத்த போன். அதுல அவிய நம்பருக்கு நேரா "அவிய"ன்னுதான் போட்டிருக்கு, நான்தான் அப்படிப் போடச் சொன்னேன், பெருமையா. நல்லா வேணும் எனக்கு. பேரு எழுதுன ஆசுபத்திரி ஃபைலு அவிய கையில. பக்கத்துல இருக்க பொம்பளைகிட்டக் கேக்க முடியுமா, அந்தா நிக்காரே, அவரு பேரு என்னன்னு போய்க் கேட்டுட்டு வாருங்கன்னு? சரி, வேற வழியா வருவோம். முந்தியெல்லாம் யாராவது விடாமக் கேட்டா நான் ஒரு அடையாளம் சொல்லுவேன், ஊர்த்தேருல வாரவரு பேருன்னு. எல்லாருக்கும் புரிஞ்சிரும். ஊரு இந்த ஊருதான். கோயிலு எனக்குத் தெரியாதா? ஆனி மாசம், ரதவீதி, வெயிலு காலைச் சுடுது, வடத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஒதுங்கி நிக்கோம். உமையா இடுப்புல, பலூன் கேக்கா. அவிய வடம் பிடிக்கப் போயிட்டாவ, சட்டை இல்லாம, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு. தேரு மலை மாதிரி வருது. உள்ள யாரு? அம்மன் தேரு பின்னால வருது. அம்மன் காந்திமதி. காந்திமதி அம்மை, உன் பேரு வருதே தாயி, உன் வீட்டுக்காரர் பேரு என்ன? நீயும் சொல்ல மாட்டியோ? கூட்டம் கத்துது, ஆயிரம் பேரு ஒண்ணா அந்தப் பேரைத்தான் கத்துதாக, அலை மாதிரி வருது, என்கிட்ட வந்ததும் வெறும் இரைச்சலாப் போவுது. தேரு தாண்டிப் போயிருச்சு. அவியளும் கூட்டத்தோட போறாவ. அதே முதுகு. ஏங்க. ஏங்கன்னு கூப்பிட்டா அம்புட்டு ஆம்பளையுந்தான திரும்புவான்.

தேரு வேண்டாம். தேரை விடு. யாரு கூப்பிடுவாக அவியளைப் பேரு சொல்லி? கடைப்பையன் மொதலாளிம்பான். உமையா அப்பாம்பா. தெருவுல அண்ணாச்சி. எவனுமே கூப்பிடலையா இந்த மனுஷனை? யாராவது கூப்பிட்டிருக்கணுமே, பேரு வச்சதே கூப்பிடத்தான. வச்சது யாரு? அத்தை. எங்க அத்தை, அவிய அம்மை. காது மந்தம் அத்தைக்கு, அதனால எதைச் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேக்கும். நான் கலியாணமாகி வந்த புதுசு. அடுக்களையில பொகை, வெறகு ஈரம், கண்ணு எரியுது. அவிய கொல்லையில கெணத்தடியில குளிச்சுக்கிட்டு இருக்காவ, வாளி முட்டுத சத்தம் கேக்கு. நான் எலைய விரிச்சுட்டு நிக்கேன், கூப்பிட எனக்கு வாய் கெடையாது. ஏங்கன்னு கூப்பிடக்கூட இன்னும் வெக்கம் போவல. அத்தை என் முகத்தைப் பாக்காவ, வாசப்படியப் பிடிச்சுக்கிட்டு கொல்லையப் பாத்து ஒரு சத்தம். "ஏலே நெல்லையப்பா! சோறு ஆறுது, வால!"

நெல்லையப்பன்.

அய்யோ. நெல்லையப்பன். அம்புட்டுதான், இம்புட்டு நேரமும் அங்கனதான் நின்னிருக்கு, அடுக்களைப் பொகைக்குள்ள. நெல்லையப்பன், நெல்லையப்பன். கண்ணுல தண்ணி வந்திருச்சு, பக்கத்துப் பொம்பளை பாக்கா, பாக்கட்டும். வாய்க்குள்ள சுடுசோத்தை வச்ச மாதிரி வச்சிருக்கேன், முழுங்கவும் மாட்டேன், துப்பவும் மாட்டேன். நெல்லையப்பன். இதை எப்படிக் கொண்டுபோய் வீடு சேக்கது? ஆட்டோவுல ஏறுனா எறங்கும்போது இருக்குமா? ராத்திரி படுத்து எந்திரிச்சா? அந்த வத்திப்போன எடம் இதைத் தாங்குமா? நாளைக்கு இல்லாமப் போச்சுன்னா, இன்னைக்கு இருந்துச்சுங்கறது அவியளுக்கு எப்படித் தெரியும்? நான் குனிஞ்சு சிரிச்சா இருந்தாலும் அதே சிரிப்பு, இல்லாட்டியும் அதே சிரிப்பு. டாக்டர் முன்னால பாஞ்சு வந்து மறைச்ச மனுஷன், ராத்திரியெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டு இதைத்தான நெனைப்பாவ, அவளுக்கு என் பேரு தெரியுமா தெரியாதான்னு. தெரியும்ங்க. இப்ப தெரியும். இப்ப சொன்னாத்தான் உண்டு. ஆயுசு குறையும்னா என் ஆயுசுல எடுத்துக்கிடுங்க சாமி, எனக்கு எதுக்கு அது இனிமே? ஊருக்கு முன்னால பேரு சொன்னா அவியளுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். "கூறுகெட்ட மூதி, பொதுவெளியில புருஷன் பேரையா சொல்லுத"ன்னு ஏசுவாவ. ஏசட்டும். அந்த ஏச்சுதான எனக்கு வேணும். நான் எந்திரிச்சேன். மடியில இருந்த பை விழுந்துச்சு. அவிய கவுன்டர்கிட்டப் போயாச்சு, பணத்தை எடுக்கக் குனிஞ்சிருக்காவ. பதவிசா, நெல்லையப்பன்னு ஒரே ஒரு வார்த்தை, அவியளுக்கு மட்டும் கேக்க மாதிரி, அப்படித்தான் நெனைச்சேன். வாயத் தொறந்தா அது அத்தை குரல்ல வருது. வந்த எடத்துல இருந்து அப்படியே வேரும் மண்ணுமா வருது, பிரிச்செடுக்க எனக்குத் தெரியல.

"ஏலே நெல்லையப்பா! வால!"

ஆசுபத்திரியே திரும்பிப் பாத்துச்சு. எவனோ ஒருத்தன் சிரிச்சான். அவிய திரும்புனாவ. திரும்புன அந்த நிமிசம் மட்டும் அந்த முகம் கெணத்தடியில ஈரத்தலையோட நின்ன முகம். அத்தைகிட்ட என்னம்மான்னு கேக்கப் போற மாதிரி வாயி தொறந்துச்சு. பொறவு என்னைப் பாத்தாவ. நான் காத்துக்கிட்டு நின்னேன், புருவம் நெரியட்டும், மீசை துடிக்கட்டும், ஏசுங்க, ஏசுங்க, நான் சொல்லிட்டேன் பாத்தியளா. மருந்தையும் பணத்தையும் கவுன்டர்லயே போட்டுட்டு ஓடி வந்தாவ, அன்னைக்குத் தெருவுல ஓடி வந்த மாதிரியே. என் ரெண்டு கையயும் பிடிச்சுக்கிட்டாவ. உள்ளங்கையெல்லாம் வேர்வை. முகத்துக்கு நேரா குனிஞ்சு, யாருக்கும் கேக்காம, "பிரமு, என்னைப் பாரு. நான் யாருன்னு தெரியுதா?"ன்னாவ. இப்பத்தான சொன்னேன். அதைத்தானங்க சொன்னேன். "இல்லங்க, நான் வேணும்னுதான்..."னு ஆரம்பிச்சேன். வேணும்னுதான், என்ன செஞ்சேன்? எதைச் சொல்ல வந்தேன்? கெணத்தடியில வாளி முட்டுத சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கு. அவிய என் கைய விடல. விழுந்த பையக் குனிஞ்சு எடுத்து தோள்ல போட்டுக்கிட்டாவ, சிரிச்சவன் பார்வையில இருந்து என்னை மறைச்ச மாதிரி நின்னுக்கிட்டாவ.

"ஒண்ணுமில்ல பிரமு"ன்னாவ. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.